மூன்று முறை திரும்பி வந்த தாள்

தஞ்சாவூரைத் தாண்டிவிட்டால் பாசஞ்சர் ரயில் எந்த ஊரையும் விடுவதில்லை. திட்டை, பசுபதிகோவில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம் என்று நின்று நின்றுதான் போகும். கார்த்திகை மாதம். இருபுறமும் சம்பா தூர் கட்டி நிற்கிறது. முந்தின நாள் பெய்த மழை வரப்பு வரை தளும்புகிறது. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் என் கண் மடியிலிருந்த காகிதக் கட்டில்தான் இருந்தது. கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதும் பயிற்சி நடத்தப் போகிறேன். அவரவர் ஆய்வைப் பற்றி ஒரு பக்கச் சுருக்கம் எழுதி முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தேன்.

தாவரவியல், வணிகவியல், தமிழ், இயற்பியல், சமூகப்பணி. துறை எதுவானாலும் எழுத்து ஒன்றுபோலவே இருந்தது. பண்டைக் காலந்தொட்டே என்று ஆரம்பித்து, இன்றைய உலகமயச் சூழலில் என்று நடுவில் வந்து, முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன என்று முடிந்துவிடுகிறது. என்ன முடிவு என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. மூன்று நான்கு வருஷம் ஆய்வுக்கூடத்திலும் வயலிலும் அலைந்து ஒருவர் கண்ட விஷயம், அதைச் சொல்வதற்கென்றே எழுதிய பக்கத்தில் காணாமல் போயிருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இந்தப் பிள்ளைகளிடம் சரக்கு இல்லை என்று சொல்லும் பேராசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

என்னை அழைத்த துறைத்தலைவர் போனில் சொன்னது இது: "பசங்களுக்குப் பேப்பர் போடக் கத்துக்குடுத்துட்டுப் போங்க சார். எங்க அனுப்பணும், எப்படி அனுப்பணும், அது தெரிஞ்சா போதும்." அவர் அப்படிக் கேட்டதில் நியாயம் உண்டு. ஆய்வேடு தருமுன் ஒரு கட்டுரையாவது இதழில் வந்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின், 2016 விதி சொன்னது. 2022 விதியில் அந்தக் கட்டாயம் எடுக்கப்பட்டது. ஆனால் வேலைக்கான நேர்காணலில் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று இன்றைக்கும் "எத்தனை பேப்பர்?" என்பதுதான். 2019இல் யுஜிசி ஆய்வு, பதிப்பு நெறிகள் பற்றி 30 மணி நேரப் பாடம் ஒன்றை முனைவர் பட்ட மாணவர்கள் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. நல்ல காரியம். அதில் ஆறு அலகுகள்: தத்துவமும் அறமும், ஆய்வில் நேர்மை, பதிப்பில் நேர்மை, திறந்த அணுக்க இதழ்கள், பதிப்பு முறைகேடுகள், தரவுத்தளங்களும் மேற்கோள் கணக்கும். கண்டதை எப்படி எழுதுவது என்பதற்கு அவற்றில் ஒரு அலகும் இல்லை.

தாராசுரம் தாண்டி கும்பகோணத்தில் இறங்கும்போது மத்தியானம் இரண்டு மணி. பயிற்சி மறுநாள் காலையில்தான். பையை விடுதியில் வைத்துவிட்டு, ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு, சாரங்கபாணி சன்னிதித் தெருவுக்கு நடந்தேன்.

தெருக்கோடியில் பதினோரு நிலைக் கோபுரம். அதைப் பார்த்தபடி நிற்கும் ஓட்டு வீடுகளில் ஒன்று கணித மேதை சீனிவாச ராமானுஜன் வளர்ந்த வீடு. 2003இல் சாஸ்திரா பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பழுது பார்த்து நினைவில்லமாக வைத்திருக்கிறது. திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன அறை, அதில் ஒரு கட்டில், உள்ளே கூடம், சமையலறை, கொல்லையில் கிணறு. ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். நான் அதற்கு மேலும் வெகுநேரம் இருந்தேன். வேறு எந்த ஊரில் இந்தப் பயிற்சியை நடத்தினாலும் ராமானுஜன் கதையைத்தான் முதலில் சொல்வேன். அதை அந்த வீட்டுக் கூடத்தில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

பதினைந்து பதினாறு வயதில் அவர் கைக்கு ஜி. எஸ். கார் எழுதிய ஒரு கணித நூல் வந்தது. ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகளை வரிசையாக அடுக்கிய புத்தகம். அவை எப்படி வந்தன என்ற விளக்கம் அதில் மிகக் கொஞ்சம். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காக எழுதியது அது. ராமானுஜன் அதையே கணிதம் எழுதும் முறை என்று எடுத்துக்கொண்டார். காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். அவருடைய நோட்டுப் புத்தகங்களின் நடை கார் கொடுத்த நடை. ஒருவர் எதைப் படித்துப் பழகினாரோ அப்படித்தான் எழுதுவார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குக் கிடைத்ததில்லை. நம் மாணவர்கள் எதைப் படிக்கிறார்கள்? பெரும்பாலும், தங்களுக்கு முன் அதே வழிகாட்டியிடம் முடித்துப்போன ஒருவரின் ஆய்வேட்டை. அந்த 'பண்டைக் காலந்தொட்டே' அங்கிருந்து வருகிறது.

1911இல் அவருடைய முதல் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. பெர்னோலி எண்களின் சில பண்புகள் பற்றியது. இதழின் ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் கணிதப் பேராசிரியர். கைக்கு வந்த தாளை அவரால் அப்படியே அச்சுக்கு அனுப்ப முடியவில்லை. முறை புதியது, எழுத்து இறுக்கம், சாதாரண வாசகனால் பின்தொடரவே முடியாது. தாள் ஆசிரியருக்கும் எழுதியவருக்கும் இடையே மூன்று முறை போய் வந்தது. பிறகுதான் அச்சேறியது. நிலையான வேலையோ வருமானமோ இல்லாத, கல்லூரித் தேர்வில் தோற்ற ஒரு இளைஞனின் தாளை மூன்று முறை வரிவரியாகப் படிக்க அந்த மனிதருக்கு என்ன அவசியம்? ஒற்றை வரியில் மறுத்திருக்கலாம். இல்லையென்றால் புரியாமலே அச்சிட்டிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் திருப்பித் திருப்பி அனுப்பினார். அவரை நான் கும்பிடுகிறேன்.

அந்தக் கட்டுரையில் எட்டுத் தேற்றங்கள் உண்டு. மூன்றுக்கு நிறுவல் தந்திருக்கிறார் ராமானுஜன். இரண்டு, வேறு தேற்றங்களிலிருந்து கிளைத்தவை. மீதி மூன்றும் ஊகம். எது நிறுவியது, எது கிளைத்தது, எது ஊகம் என்று வாசகனுக்குப் பிரிந்து தெரிகிறது. இந்த மூன்று-இரண்டு-மூன்று கணக்கை மறுநாள் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே விடுதிக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை அரங்கில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மேடையும் மைக்கும் வேண்டாம் என்று நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னேன். அவர்கள் முதலில் கேட்டது இதழ்களைப் பற்றித்தான். ஒருவர் செல்போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம்: பன்னாட்டு ஆய்விதழ், எல்லாத் துறைகளுக்கும் இடம், 48 மணி நேரத்தில் ஏற்பு, ஐ.எஸ்.எஸ்.என். உண்டு, சான்றிதழ் உண்டு, கட்டணம் 1500 ரூபாய். அதுபோல ஒவ்வொருவர் போனிலும் நாலைந்து இருந்தன. ஐ.எஸ்.எஸ்.என். என்பது ஒரு தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் எண் மட்டுமே, தரத்துக்கு அது சாட்சி சொல்லாது என்றதும் பலர் முகம் வாடியது. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் அவர்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டியல் போட்டுக் காட்ட வேண்டியவர்களே தடுமாறிய கதை அது. யுஜிசி தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது. 2019இல் கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, தரத்தை அந்தந்தக் கல்வி நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. இனிப் பட்டியலை நம்பிப் பயனில்லை. படித்துத்தான் பார்க்க வேண்டும். அன்று எல்லோரையும் ஒரு வேலை செய்யச் சொன்னேன்: விளம்பரத்தில் வந்த இதழின் கடைசி வெளியீட்டைத் திறந்து, உங்கள் துறையில் ஒரு கட்டுரையை முழுவதும் படியுங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருடைய பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறாரா பாருங்கள். ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் முத்திரை இருந்தால் அதை நம்பாமல் ஸ்கோபஸின் சொந்தத் தேடுபக்கத்தில் பெயரைத் தேடுங்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துகிறவர்களும் உண்டு. அரை மணி நேரத்தில் அரங்கில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமில்லை. வணிகவியல் மாணவர் ஒருவர் தான் திறந்த இதழில் மாட்டு நோய், வங்கிக் கடன், நானோ துகள் மூன்றும் ஒரே வெளியீட்டில் அடுத்தடுத்து இருப்பதைப் படித்துக் காட்டினார்.

நல்ல இதழ்கள் படிக்கக் கிடைக்கவில்லையே என்ற பழைய குறையும் இப்போது அவ்வளவு இல்லை. 2025 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. நூலகரை அழைத்து அரங்கிலேயே நுழைந்து காட்டச் சொன்னோம். பலர் அன்றுதான் முதல்முறையாக உள்ளே போனார்கள்.

பிற்பகலில் தாவரவியல் மாணவியின் சுருக்கத்தை எடுத்துக்கொண்டோம். வெற்றிலைக் கொடிக்காலில் வரும் அழுகல் நோய் பற்றியது. வெற்றிலையின் மங்கலச் சிறப்பும் மருத்துவக் குணமும் ஆறு வரி. நோய் உழவர்களுக்கு நஷ்டம் தருவது நாலு வரி. பிறகு, முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன.

"நீ என்னம்மா கண்டே?" என்று கேட்டேன். அவள் தாளைப் பார்த்தாள்.

"தாள் வேண்டாம். உங்க அம்மா கேட்டா என்ன சொல்லுவே?"

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அழுகல் எல்லா இடத்துலயும் ஒண்ணா வரல சார். மழை விட்டதும் தண்ணி தேங்குற பாத்தியில முதல்ல வருது. அப்புறம் வாய்க்கால் போற வழியிலேயே போகுது. மேட்டுப் பாத்திக்கு வர ரொம்ப நாளாகுது. ஒரே கொடிக்கால்தான், ஒரே அகத்திதான், ஒரே நாத்துதான்."

அரங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. நானும்தான்.

"இதை ஏன் எழுதலை?"

"இது நான் சும்மா பார்த்ததுதானே சார். இதெல்லாம் எழுதலாமா?"

பையிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்தாள். அட்டை மழையில் ஊறிச் சுருண்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கொடிக்காலின் படம்: பாத்திகள் கட்டம் கட்டமாக, வாய்க்கால் நீலப் பேனாவில், அழுகல் கண்ட கொடி சிவப்புப் புள்ளியில், மேலே தேதி, அதற்குப் பக்கத்தில் முந்தின நாள் மழை. பக்கத்தைப் புரட்டப் புரட்டச் சிவப்புப் புள்ளிகள் நீலக் கோட்டோரமாக நகர்ந்துகொண்டே போகின்றன. இந்தப் பெண்ணிடமா சரக்கு இல்லை? நோட்டை எல்லோர் கைக்கும் சுற்றவிட்டேன்.

ஆய்வு முறை என்ற பகுதி அந்த நோட்டிலேயே இருந்தது. எந்த மாதம், எத்தனை கொடிக்கால், எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்த்தாள், மேடு பள்ளத்தை எப்படி முடிவு செய்தாள், நோயின் கிருமியை ஆய்வுக்கூடத்தில் எப்படி உறுதி செய்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். அவளுடைய கிருமி ஃபைட்டோப்தோரா. அதன் வித்துகளுக்குத் தண்ணீரில் நீந்தும் வாலிழைகள் உண்டு என்பது தாவர நோயியலில் பழைய செய்தி. தான் பார்த்த வரிசையையும் இந்தப் பழைய செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவதுதான் விவாதம் என்ற பகுதி. இவ்வளவு எளிதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஏனென்றால் அடுத்து அவள் கரும்பலகையில் எழுதிய வாக்கியம்: வாய்க்கால் நீரே அழுகல் நோயைப் பரப்புகிறது.

அப்போதுதான் ராமானுஜனின் எட்டுத் தேற்றங்களை எழுதிப் போட்டேன். நீ பார்த்தது எது? அழுகல் தோன்றிய வரிசை. அதிலிருந்து கிளைப்பது எது? தாழ்ந்த பாத்திக்கும் மேட்டுப் பாத்திக்கும் உள்ள கால வித்தியாசம். ஊகம் எது? நீர்தான் பரப்புகிறது என்பது. வேலை செய்கிறவர் கால், அரிவாள், காற்று, மழைத் தெறிப்பு எதையும் நீ விலக்கிப் பார்க்கவில்லையே. ஊகத்தை எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஊகம் என்று தெரியும்படி எழுத வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. முப்பது பேரும் அதில் வாதாடினார்கள். கடைசியில் நின்ற வாக்கியம் நீளமாக, கொஞ்சம் அழகு குறைந்துதான் இருந்தது. ஆனால் அதில் அவள் கண்டது இருந்தது.

மாலையில் காவிரிக்கரைக்குப் போனேன். அரசு கலைக் கல்லூரி கரையோரம் இருக்கிறது, 1854இல் தொடங்கியது. இங்கே சேர்ந்த ராமானுஜன் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். அவர் சேர்வதற்கு முந்தைய வருஷம்வரை, 1880 முதல் 1903 வரை, இங்கே தமிழாசிரியராக இருந்தவர் உ.வே.சாமிநாதையர். சீவக சிந்தாமணியைத் தேடிப் பதிப்பிக்கும் எண்ணம் அவருக்கு இந்த ஊரில்தான் பிறந்தது. முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட கேள்வியிலிருந்து. பதிப்பு வெளிவந்தது 1887இல், ராமானுஜன் பிறந்த அதே வருஷம். எந்தெந்த ஊரில் யார் யாரிடமிருந்து ஏடு கிடைத்தது என்று ஐயர் தம் பதிப்புகளில் பெயர் சொல்லி நன்றி எழுதினார். ஏடுகளுக்குள் பாடம் மாறினால் மாறியதைக் குறித்தார். எது பிறருடையது, எது தாம் செய்தது என்று வாசகன் தடவிப் பார்க்க வேண்டியதில்லை.

காலையில் மாணவர்கள் காட்டிய பயம் அப்போது நினைவுக்கு வந்தது. மேற்கோள் என்றாலே அவர்களுக்குச் சதவீதம்தான். 2018 யுஜிசி விதிப்படி ஒப்புமை பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை. நாற்பது வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். அறுபது வரை என்றால் ஒரு வருஷம் தடை. அதற்கும் மேல் பதிவே ரத்து. அதனால் "பத்துக்குள்ள கொண்டுவரணும் சார்" என்பதே ஒரே கவலை. அதற்காக மென்பொருளை வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுகிறார்கள். 'செயற்கை நுண்ணறிவு' என்ற சொல் அப்படி மாறி 'போலி உணர்வு' ஆகும் விபரீதத்தை ஆய்வாளர் கியோம் கபனாக்கும் அவர் கூட்டாளிகளும் 2021இல் அச்சான கட்டுரைகளிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். இப்போது அந்த வேலையை ஏ.ஐ. செயலிகள் வழுக்கலாகச் செய்து தருகின்றன. இல்லாத கட்டுரைகளைக்கூடத் துணைநூல் பட்டியலில் வைத்துக் கொடுத்துவிடும். பிறர் உழைப்புக்குப் பெயர் சொல்வது ஒரு மரியாதை. அதைச் சதவீதக் கணக்காகச் சொல்லிக்கொடுத்தால் தப்பிக்கும் வழியைத்தான் தேடுவார்கள். மறுநாள் பாடத்தை விதியில் தொடங்காமல் ஐயரின் முன்னுரைகளில் தொடங்கினேன். தமிழ்த்துறை மாணவர்கள் எழுந்து அன்று எல்லோருக்கும் பாடம் நடத்தினார்கள்.

அன்று மதிய உணவின்போது மூத்த பேராசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எல்லாம் சரி சார். எங்கிட்ட எட்டுப் பேர் இருக்காங்க. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வகுப்பு, அது போக நாக் தரமதிப்பீட்டு வேலை, தேர்வு வேலை. ஒவ்வொருத்தர் தாளையும் மூணு தடவை எப்போ படிச்சுத் திருப்புவேன்?" என்றார். கோபமில்லை, களைப்புதான் இருந்தது. ஒரு பேராசிரியருக்கு எட்டு மாணவர் என்பது யுஜிசி அனுமதிக்கும் உச்சவரம்பு. அவர் கேட்டதற்கு விதியில் பதில் இல்லை.

என்னிடம் இருந்த பதிலைச் சொன்னேன். நாராயண ஐயங்கார் ராமானுஜனைவிடப் பெரிய கணித மேதை அல்லர். திருப்பி அனுப்ப மேதையாக இருக்க வேண்டியதில்லை. இந்த வரியில் எனக்குப் புரியவில்லை, இதற்கும் அதற்கும் நடுவில் ஒரு படி குறைகிறது என்று பொறுமையாகச் சொல்லும் ஒரு வாசகர் போதும். அந்த வேலையை மாணவர்களே ஒருவருக்கொருவர் செய்யலாம். வேறு துறைக்காரர் படித்தால் இன்னும் நல்லது. தெரிந்த மாதிரித் தலையாட்டிக்கொண்டு தாண்டிப் போக மாட்டார். முடிந்தபின் வழிகாட்டி ஒரு முறை படித்தால் போதும்.

அவர் மோரை ஊற்றிச் சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "சனிக்கிழமை மத்தியானம் என் அறை காலியாத்தான் இருக்கு" என்றார்.

பிற்பகலில் அதை அங்கேயே ஒத்திகை பார்த்தோம். கொடிக்கால் கட்டுரையின் புதிய வரைவு வணிகவியல் மாணவர் கைக்கும் தமிழ் மாணவி கைக்கும் போனது. இருவரும் பென்சிலோடு உட்கார்ந்தார்கள். எழுதியவள் எதிரில் வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. விளக்கம் தாளில்தான் இருக்க வேண்டும், வாயில் இருக்கக்கூடாது. வணிகவியல் மாணவர் முதல் பக்கம் தாண்டுமுன் நிறுத்தினார்.

"மேட்டுப் பாத்தின்னு போட்டிருக்கீங்க. எத்தனை அங்குலம் மேடு?"

அவளால் பொறுக்க முடியவில்லை. "அளந்திருக்கேன் அண்ணா. நோட்டுல எல்லாப் பாத்திக்கும் இருக்கு."

"தாள்ல இல்லையே" என்றாள் தமிழ் மாணவி.

அந்த அளவுகள் மாலைக்குள் கட்டுரையின் இரண்டாம் அட்டவணையாயின. அடுத்த சனிக்கிழமைக்கு வணிகவியல் மாணவருடைய தாள் என்று பேராசிரியர் தன் டைரியில் எழுதிக்கொண்டார்.